எதிர்க் கடை சூப்பு

எதிர்க் கடையில் தொடங்கிய வரிசை சாலையைக் கடந்து, முதலாளியின் கடைப் படியில் வந்து முடிந்தது. படியில் உட்கார்ந்திருந்த ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?"

முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தண்ணிக்கு இங்க, சூப்புக்கு அங்கயா?"

"டிவியில அந்தக் கடையைத்தானே காட்டினாங்க," என்றார் அவர், நியாயம் தன் பக்கம் என்ற நிதானத்தோடு.

காட்டினார்கள்தான். நேற்று ஒரு தொலைக்காட்சிக்காரர் எதிர்க் கடைக் கோழி சூப்பை ஒரு கரண்டி வாயில் விட்டுக் கண்ணை மூடினார். விளம்பரமெல்லாம் முடிந்த பிறகுதான் திறந்தார். இரண்டு கடையிலும் அதே சூப்பு. கோழி வாங்குவதும் ஒரே ஆளிடம். கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு இந்தப் பக்கம் திரும்பக் கழுத்து இல்லையா? ஒன்பது வருடக் கடை. இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் படியைத் தண்ணீர்ப் பந்தலாக்கிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

சமையற்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "கவலைப்படாதீங்க முதலாளி. உட்கார ஆளில்லாட்டியும் பார்சல் அண்டா அண்டாவா போகுது. யாரு வாங்கறாங்கன்னா..."

"யாரு வாங்கினா உனக்கென்ன? ருசி தெரிஞ்சவன் வாங்கறான். போய் அடுப்பைப் பாரு."

அப்போது மனைவி கேரியரோடு வந்தார். வாசல் பலகையில் 'வீட்டுச் சுவை' என்று எழுதியிருந்தது. முதலாளியைப் பொறுத்தவரை அது முழு உண்மை. ரத்த அழுத்தத்தை முன்னிட்டு அவருக்கு மதியச் சாப்பாடு தினமும் வீட்டிலிருந்துதான். தன் கடைச் சாப்பாட்டை ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் அவர் நாக்கில் வைத்ததில்லை.

"கிளம்பு," என்றார் மனைவியிடம். "அந்த சூப்பு எவ்வளவு லட்சணம்னு இன்னைக்குப் பார்த்துடறேன். நாலு பேருக்கு முன்னால வண்டவாளத்தை எடுத்து விட்டா, வரிசை தானா இந்தப் பக்கம் திரும்பும்."

"கேரியர்?"

"அதுவும் வரட்டும்."

அடையாளம் தெரியாமலிருக்க மப்ளரைத் தலையில் சுற்றி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். உச்சி வெயிலில் மப்ளர் சுற்றிய மனிதரை வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"ஏங்க, சும்மா வந்திருந்தா ஒருத்தரும் கவனிச்சிருக்க மாட்டாங்க," என்றார் மனைவி.

"பாவம், ஏதோ பெரிய வியாதி போல. முன்னால விடுங்கப்பா," என்றது ஒரு குரல். வியாதிக்கு மரியாதை செய்து கூடத்தின் நட்ட நடுவில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு நேர் கீழே உட்கார வைத்தார்கள். அதில் நேற்றைய ஆள் மறுபடி மறுபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

சூப்பு வர இருபது நிமிடம் ஆனது. பரிமாறுபவர் சமையலறையிலிருந்து வந்தவர் போல் இல்லை. பந்தயத்தில் ஓடி முடித்தவர் போல் மூச்சு வாங்கினார்.

முதலாளி ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது.

"உப்பு. வேற ஒண்ணுமே இல்ல, உப்பு."

மனைவி தன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தார். "நல்லாத்தானே இருக்கு."

"உனக்கு நாக்கு செத்துப்போச்சு."

"செத்துத்தான் போகும். உங்களுக்காக உப்பில்லாம சமைச்சு அதையே நானும் சாப்பிடறேனே."

முதலாளி கிண்ணத்தைத் திருப்பி அனுப்பினார். இன்னொரு பதினைந்து நிமிடம். பரிமாறுபவர் இன்னும் அதிகமாக மூச்சு வாங்கினார். "ஐயா, இது புது அண்டா." புது அண்டாவில் உப்போடு மிளகும் சேர்ந்திருந்தது. முதலாளிக்குக் கண்ணில் நீர் வந்தது. துடைக்கக் கண்ணாடியைக் கழற்றியவர், மப்ளரையும் உருவி எறிந்துவிட்டு எழுந்து நின்றார்.

"நல்லாப் பாருங்க. நான் எதிர்க் கடை முதலாளி. ஒன்பது வருஷமா சூப்பு விக்கறவன்."

ஏழெட்டுக் கைபேசிகள் உயர்ந்தன. கைபேசிகளைக் கண்டதும் குரலும் உயர்ந்தது.

"டிவியில காட்டினா சாக்கடைக்கும் வரிசையில நிப்பீங்களா? இதை வச்சவன் கையில ஆயுசுக்கும் கரண்டியைக் கொடுக்கக் கூடாது. அந்தக் கோழி உசிரோட இருந்திருந்தா மானநஷ்ட வழக்குப் போட்டிருக்கும்."

பரிமாறுபவர் அவர் கையைப் பிடித்தார். "ஐயா, மெதுவா. நீங்க போய் இப்படிப் பேசலாமா?"

"நான் பேசாம வேற யாரு பேசறது?"

"உட்காருங்க, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்," என்றார் மனைவி, கேரியரை எடுத்துக்கொண்டு.

"முடியாது. சமைச்சவன் இங்க வரணும். இவங்க எல்லாருக்கும் முன்னால இந்தக் கிண்ணத்தை அவனே குடிக்கணும். கூப்பிடு அவனை."

"கூப்பிட வேணாம் ஐயா," என்றார் பரிமாறுபவர் தரையைப் பார்த்துக்கொண்டு. "வர்ற நேரம்தான்."

பின்கதவை யாரோ காலால் தள்ளித் திறந்தார்கள். கைபேசிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. துண்டைச் சுற்றி, ஆவி பறக்கும் அண்டாவை அணைத்துப் பிடித்தபடி, முதலாளியின் சமையற்காரர் உள்ளே வந்தார்.

"அட, முதலாளி, நீங்களும் இங்கதான் இருக்கீங்களா? கூட்டம் தாங்காம இவங்க சரக்கு பதினோரு மணிக்கே தீர்ந்துபோச்சு, இது நம்ம அடுப்புலேர்ந்து வர்ற ஆறாவது அண்டா; உப்பு போதுமான்னு ஒரு வாய் பார்த்துச் சொல்லுங்க."