தாமரை இலையும் சாரின் முண்டும்

தெரிந்ததை எல்லாம் ஒரே பீரியடில் காட்டிவிடத் துடிப்பவர் ஆசிரியர் வேலைக்கு லாயக்கில்லை. இதை நான் ஒரு நல்ல மனிதரின் மடியில் தண்ணீர் ஊற்றித்தான் கற்றுக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளியில், தமிழ் மீடியப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சிப் பாடம் எடுக்க வேண்டும். மதிப்பெண் போடக் கல்லூரியிலிருந்து சார் வந்திருந்தார். கோட்டை விட்டால் வருடமே போச்சு. (வீட்டில் உடனே மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள் என்ற பயம் தனி.)

பாடம், தாமரையும் ஆம்பலும். ஒரே குளத்தில் அக்கா தங்கை மாதிரி இருந்தாலும் இரண்டும் ரொம்பத் தூரத்துச் சொந்தம்தான். ஆம்பல் இலை ஒரு பக்கம் பிளந்து நீரில் படுத்துக் கிடக்கும். தாமரை இலை வட்டமாக நீருக்கு மேலே எழுந்து நிற்கும். இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டேன். சாரும் பத்து நிமிடத்தில் நெய்யாற்றின்கரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர். அத்தோடு விட்டிருக்கலாம். (விடுவேனா?)

"சார், இந்தத் தாமரை இலையக் கொஞ்சம் பிடிங்க. ஒரு சொட்டு ஒட்டாது" என்று கொடுத்து, ஒரு செம்புத் தண்ணீரையும் அதில் கவிழ்த்தேன்.

ஒரு சொட்டும் ஒட்டவில்லை. அத்தனையும் உருண்டு, சார் கட்டியிருந்த கஞ்சி போட்ட வெள்ளை முண்டின் மடியில் இறங்கியது.

வகுப்பே வாயைப் பொத்தியது. அந்தக் கோலத்தில் எழுந்து நிற்க முடியுமா? சார் அசையவில்லை.

"நிறுத்தாத மக்கா. இன்னும் நெறைய வித்தியாசம் உண்டாக்கும், சொல்லு."

என்னிடம் சரக்கு தீர்ந்திருந்தது. காம்பைப் பிளந்து காட்டினேன். இதழ்களை எண்ணவைத்தேன். மணி அடித்தது. வாசலில் எட்டிப் பார்த்த கணக்கு டீச்சரையும், "கொறச்சு கழிஞ்சு வாங்க டீச்சரே" என்று சார் திருப்பி அனுப்பிவிட்டார். கடைசியில், ஆம்பலுக்குத் தாமரைமேல் பொறாமை உண்டா என்றுகூடக் கேட்டேன். ஒருத்தி, "உண்டு டீச்சர்" என்றாள்.

என் பயம் போய் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "சார், சன்னல் பக்கம் வெயிலு உண்டு" என்றேன் மெதுவாக. எழாமலே, நாற்காலியோடு நகர்ந்து நகர்ந்து போய் வெயிலில் உட்கார்ந்தார்.

ஒருவழியாக எழுந்தபோது, "பாடம் நல்லா இருந்துது மக்கா. வெள்ளம்தான் கொறச்சு கூடிப்போச்சு" என்று சொல்லி, பாஸும் போட்டுவிட்டுப் போனார்.

இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி, காபி குடித்து நெடுநேரமாகியும் கிளம்பாமல் இருந்தால், என் கணவர் அடுக்களைக்கு வந்து ரகசியமாகக் கேட்பார்:

"என்ன, முண்டு இன்னும் காயலியோ?"