பக்கத்து அட்டையில் விழுந்த பத்து

தனக்கு அநியாயம் நடக்கிறது என்று மனதார நம்புகிற ஒருவரோடு யாராலும் வாதாட முடியாது. அவருடைய கையில் ஒரு துவக்கும் இருந்துவிட்டால் அவருக்குப் பக்கத்தில் நிற்பதும் புத்தியல்ல. இருபத்தாறு வயதில் நான் அப்படிப்பட்ட ஒருத்தியாகத்தான் இருந்தேன்.

நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. கத்தரிக்கோல், பல்கலைக்கழகக் கதிரையில் வலப்பக்கமாக முளைத்திருக்கும் எழுதுபலகை, வங்கியில் நூலால் கட்டிவைத்த பேனை எல்லாமே வலக்கைக்காரர்கள் கூடிப் பேசி எனக்கு எதிராகச் செய்த சதி என்பது என் ஆய்வு முடிவு. இதை வீட்டில் சொன்னேன். செங்கலடியில் நான் வேலை செய்த அலுவலகத்தில் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் இருந்தவர்களிடமும் சொன்னேன். (அவர்கள் ஆரையம்பதிக்கு ரிக்கற் எடுத்துவிட்டு நாவற்குடாவிலேயே இறங்கிப் போனார்கள்.)

இந்த நிலையில்தான் வாவிக்கரையில் ஒரு பழைய நெல் களஞ்சியத்துக்குள் நடந்துகொண்டிருந்த துப்பாக்கிச் சுடும் கழகத்தில் சேர்ந்தேன். எயார் ரைபிளால், அதாவது காற்றுத் துவக்கால், பத்து மீற்றர் தள்ளித் தொங்கும் அட்டையைச் சுட வேண்டும். நடுவில் ஒரு கறுப்பு வட்டம். அதன் நடுப்புள்ளியில் பட்டால் பத்து. கழகத்தில் இருந்த துவக்குகள் எல்லாம் வலக்கைத் துவக்குகள். பிடி வலது உள்ளங்கைக்காகக் குடையப்பட்டது, கன்னம் வைக்கும் கட்டை வலது கன்னத்துக்காகச் சரிக்கப்பட்டது, குண்டு போடும் நெம்புகோலும் வலப்பக்கம். அதை இடத்தோளில் வைத்தால் அடுத்தவரின் செருப்பைக் கால் மாற்றிப் போட்டது போல இருக்கும். நான் சுட்ட குண்டுகள் அட்டையின் ஓரங்களை அலங்கரித்தன.

பயிற்றுநர் லோகநாதன் சேர் பாடசாலை ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர். தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாதவர். முதல் நாளே என்னிடம் சொன்னார்: "புள்ள, ஒருக்கா வலத்தோளில வச்சுப் பாரன். மறுகா உன்ட கண்ணையும் ஒருக்கா பாப்பம்."

அந்த மனிதர் சொன்னது அவ்வளவுதான். நானோ, பாடசாலைகளில் இடக்கைப் பிள்ளைகளின் விரலில் அடிமட்டத்தால் அடித்த காலத்திலிருந்து தொடங்கி ஒரு விரிவுரை ஆற்றினேன். பெரும்பான்மையினருக்காகச் செய்த பொருளைச் சிறுபான்மையினரின் தோளில் ஏற்றுவது வன்முறை என்றேன். சமவுரிமை என்ற சொல்லை எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. சேர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து தரையில் கிடந்த ஈயக் குண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

கழகத்தில் இன்னொருத்தி இருந்தாள், ஜெனி அக்கா. கணிதம் படிப்பிக்கிறவள். உண்மையிலேயே சுடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அடுத்த ஆண்டு கணவனிடம் அவுஸ்திரேலியாவுக்குப் போக இருந்தாள். அதற்கு முன்னால் மாகாணப் போட்டியில் பெண்கள் அணிக்கு ஒரு பதக்கம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அணிக்கு மூன்று பேர் தேவை. ஜெனி அக்காவும், வந்தாறுமூலையில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியும் இருந்தார்கள். மூன்றாவதாகக் கழகத்தில் மிஞ்சியிருந்தவள் நான்.

"எனக்கு இடக்கைத் துவக்கு எடுத்துத் தந்தா, பதக்கத்த எடுத்துத் தாறன்" என்று கழகக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். ஏதோ கடையில் இருக்கிற பதக்கத்தை வாங்கி வரப்போகிறவள் போலப் பேசினேன். கொடுமை என்னவென்றால் கூட்டத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கொழும்பில் சுடுவதை விட்டுவிட்ட இடக்கைக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அனுமதிப் பத்திரங்களுக்கு அலைந்து, ஒரு நாள் அந்தத் துவக்கைக் கொண்டுவந்தே விட்டார்கள்.

நீல நிறக் கட்டை. எல்லாமே எனக்கேற்ற பக்கத்தில். கன்னத்தை வைத்ததும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. (இப்போது நினைத்தால் அந்தக் கண்ணீருக்காகவே என்னை ஒரு அறை அறையலாம்.)

போட்டித் துவக்கை அப்படியே எடுத்துச் சுட முடியாது. உடம்புக்கு அளவாகப் பூட்ட வேண்டும். தோளில் அண்டும் தட்டை ஏற்றி இறக்க வேண்டும், கன்னக் கட்டையைச் சரிக்க வேண்டும், கண் வைத்துப் பார்க்கும் துளையை முன்பின் தள்ள வேண்டும். சேர் செய்துதர முன்வந்தார். "இடக்கையின் வலி வலக்கைக்குப் புரியாது சேர்" என்று சொல்லிவிட்டு, அலன் கீயைக் கையில் எடுத்து, கைப்பேசியில் ஒரு வெளிநாட்டு வீரரின் வீடியோவைப் போட்டுக்கொண்டு நானே பூட்டினேன். அவர் தென்னைமரம் போல உயரம். நான் அவருடைய இடுப்புக்குக்கூட வரமாட்டேன். அவர் வைத்த அளவுகளை அப்படியே வைத்தேன். அதன் பிறகு என் கண் அந்தத் துளைக்கு எட்ட வேண்டும் என்றால், வாவியில் மீன் பார்க்கும் கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டி ஒரு பக்கம் மடக்க வேண்டியிருந்தது. இதுதான் சர்வதேச நிலை என்று நம்பினேன். வீட்டில் தும்புத்தடியைத் தோளில் வைத்து அந்தக் கழுத்தைப் பழகினேன்.

அம்மா பார்த்துவிட்டு, "என்னகா, கழுத்துச் சுளுக்கா? எண்ணெய் தேய்க்கட்டா?" என்றா.

"அம்மா, இது நிலை."

"ஓம், நிலைமை விளங்குது" என்றபடி அம்மா தும்புத்தடியை வாங்கிக்கொண்டு கூட்டப் போய்விட்டா.

சேர் இன்னும் ஒன்று மட்டும் சொன்னார். குறி பார்க்காத கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டு என்றார். முடியாது என்றேன். வீடியோக்காரர் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துத்தான் சுடுகிறார், மறைப்பு ஒட்டுவது பழகுகிறவர்களுக்கு என்று விளக்கினேன். அப்போது நான் பழகத் தொடங்கி ஒரு மழைக்காலம்கூட முடிந்திருக்கவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், அந்தத் துவக்கோடு என் வெடிகள் நடுவுக்கு வரத் தொடங்கின. களஞ்சியத்தில் இடதுபக்கக் கடைசிச் சுவரோரமாக நான் நிற்பேன். எனக்கு இடப்பக்கத்தில் வேறு அட்டை கிடையாது, வெறும் சுவர். இது எவ்வளவு முக்கியமான விடயம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அநியாயம் நீங்கியதும் திறமை வெளிப்பட்டுவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

போட்டி திருகோணமலையில். வரிசையாகப் பத்துப் பதினைந்து பேர் நின்று சுடும் பெரிய மண்டபம். எனக்கு நடுவில் ஒரு இடம் கிடைத்தது.

இடக்கைக்காரர் துவக்கு பிடிக்கும்போது உடம்பு மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கும். மற்றவர்கள் எல்லாரும் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் மட்டும் எனக்கு இடப்பக்கத்தில் நின்றவளோடு முகத்துக்கு முகம். அவள் பெயர் சர்மிளா, திருகோணமலை அணி. பெரிய கண்கள். நான் நிமிரும்போதெல்லாம் அந்தக் கண்கள் என்னைப் பார்த்தன. என்னைப் பயமுறுத்தப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினேன். பதிலுக்கு ஒரு ஏளனச் சிரிப்பை அனுப்பினேன்.

போட்டி தொடங்கியது. முதல் வெடி வைத்தேன். கண்ணுக்குள் கறுப்பு வட்டம் பிசகாமல் நின்றது, விரல் வெண்ணெய் போல அழுத்தியது. பத்து என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. பொத்தானை அமத்தி என் அட்டையை வரவழைத்தேன்.

அட்டையில் ஓட்டையே இல்லை.

குண்டு போட மறந்திருப்பேன் என்று நினைத்து இரண்டாவது வெடி வைத்தேன். அட்டை மறுபடியும் கன்னியாகத் திரும்பி வந்தது. எதிரே சர்மிளா தன் அட்டையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டாள்.

"சேர், என்ட அட்டையில மூண்டு ஓட்டை கிடக்கு. நான் ஒண்டுதான் வச்சனான்."

நான் அங்கே நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னேன்: "சொந்த வெடியையே எண்ணத் தெரியாததுகள் எல்லாம் மாகாணப் போட்டிக்கு வருதுகள்." சொல்லிவிட்டு நானும் கையை உயர்த்தினேன். "சேர், என்ட துவக்கில காத்து இல்ல."

நடுவர் வயதான, பொறுமையான மனிதர். என் துவக்கின் காற்றுக்குழாயைப் பார்த்தார். என் அட்டையைப் பார்த்தார். சர்மிளாவின் அட்டையைப் பார்த்தார். என் கொக்குக் கழுத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காத்து நல்லா இருக்கு தங்கச்சி. அது பக்கத்து அட்டைக்குப் போகுது."

மண்டபத்தில் சிரிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியை அன்றைக்கு ஒருவரும் மதிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுசி வெட்கப்பட்டு, தன்னைத் திருத்திக்கொண்டிருப்பாள். நான் ஆட்சேபம் தெரிவித்தேன். மண்டபம் வலக்கைக்காரர்களுக்காகக் கட்டப்பட்டது என்றேன். அட்டைகள் சரியான கோணத்தில் தொங்கவில்லை என்றேன். பின்னால் பார்வையாளர் வரிசையில் லோகநாதன் சேர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு இருந்தார். நடுவர் எச்சரிக்கை அட்டையைக் காட்டிவிட்டுப் போனார். நான் திரும்பவும் குறி பார்த்தேன். வலக் கண்ணால் என் அட்டையின் இலக்கத்தை நன்றாகப் பார்த்து உறுதிப்படுத்தினேன். இடக் கண்ணால் துளை வழியே கறுப்பு வட்டத்தைப் பிடித்தேன். சுட்டேன். சர்மிளா பெருமூச்சு விட்டுக் கையை உயர்த்தினாள்.

விதி எப்படி என்றால், பக்கத்து அட்டையில் சுட்டவருக்குப் பூச்சியம். அந்த அட்டைக்காரிக்கு, எது தன் வெடி என்று தெரியாவிட்டால், இருப்பதில் நல்லதைக் கொடுப்பார்கள். நான் என் வாழ்நாளிலேயே சிறப்பாகச் சுட்டது அன்றைக்குத்தான். சர்மிளா ஓரத்தில் விட்ட வெடிகளுக்குப் பக்கத்திலெல்லாம் என் பத்துகள் நட்சத்திரம் மாதிரி இருந்தன. அவள் கையை உயர்த்த உயர்த்த அவளுடைய புள்ளியும் உயர்ந்துகொண்டே போனது. கடைசிப் பகுதியில் அவள் என்னைப் பார்த்து அன்பாகப் புன்னகைக்கத் தொடங்கிவிட்டாள். அதுதான் எல்லாவற்றிலும் தாங்க முடியாமல் இருந்தது.

தங்கம் சர்மிளாவுக்கு. அணிப் பதக்கமும் அவர்களுக்கே. ஜெனி அக்கா தன் வாழ்நாளின் ஆகச் சிறந்த புள்ளியைச் சுட்டுவிட்டு, பதக்கம் இல்லாமலே துவக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெனி அக்கா யன்னலோரம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வாகரை தாண்டியதும் முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "உனக்கு என்னில ஏதும் கோவம் இருந்தா நேரா சொல்லியிருக்கலாமே புள்ள."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் போகும் முன்னால் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அதை நான் எடுத்து, முன்பின் தெரியாத ஒருத்திக்குப் பரிசளித்துவிட்டு, கோணம் சரியில்லை என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாழைச்சேனையில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டினார்கள். லோகநாதன் சேர் என்னை ரோட்டோரம் கூட்டிக்கொண்டு போனார்.

"ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுக்கொண்டு அந்தக் கரண்ட் கம்பத்த விரலால காட்டு."

காட்டினேன்.

"இப்ப வலக் கண்ணை மூடு."

மூடினேன். விரல் கம்பத்தை விட்டு அப்பால் இருந்த சைக்கிள் கடைக்குப் பாய்ந்தது.

"இடக் கண்ணை மூடு."

விரல் கம்பத்திலேயே அசையாமல் நின்றது.

"விளங்குதா? கைதான் உனக்கு இடக்கை. கண் வலக்கண். குறி பாக்கிறது அந்தக் கண்தான். நீ துளையில வச்சது மற்றக் கண்ண. ஒரு கண் உன்ட அட்டையப் பாக்க, மற்றக் கண் அடுத்தவளிட அட்டையப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கு. நம்மட களஞ்சியத்தில உனக்குப் பக்கத்தில சுவர்தானே, அதால தெரியல்ல."

"இத முதலே பாத்திருக்கலாமே சேர்?" என்று கேட்டேன். (கேட்டேன்! வெட்கமே இல்லாமல் கேட்டேன்!)

சேர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "முதல் நாளே சொன்னன், கண்ணப் பாப்பமெண்டு. நீ அண்டைக்கு எனக்குச் சமவுரிமை படிப்பிச்சுக்கொண்டு நிண்ட."

பிறகு வலத்தோளுக்கு மாறினேன். கழகத்தின் பழைய துவக்கு, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி பொருந்தியது. பதக்கம் ஒன்றும் எடுக்கவில்லை. ஆனால் சுட்டதெல்லாம் என் அட்டையில்தான் விழுந்தது. ஜெனி அக்கா அவுஸ்திரேலியாவிலிருந்து தொலைபேசியில் என்னை மன்னித்துவிட்டதாகச் சொன்னாள். சொன்ன குரலில் மன்னிப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

வீட்டில்தான் கதை முடியவில்லை. அடுத்த வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கதிரைகளில் இருந்தார்கள். பெரியவர்கள் கேட்க, நான் நிமிர்ந்து பார்த்து "ஓம்" என்றேன். எல்லாரும் சந்தோசப்பட்ட அந்த நேரத்தில், கேக் தட்டோடு வந்த என் தம்பி மாப்பிள்ளையிடம் மரியாதையாகச் சொன்னான்:

"அத்தான், அக்கா ஓம் எண்டது உங்களுக்குத்தானா எண்டு ஒருக்கா கேட்டு உறுதிப்படுத்துங்க. அவ பாக்கிறது ஒரு ஆள, படுறது பக்கத்து ஆளில."

பிறகு திருகோணமலைக் கதை முழுவதையும் அம்மாவே இடைக்கிடை திருத்திக் கொடுக்க, தம்பி சொல்லி முடித்தான். மாப்பிள்ளை எழுந்தார். எனக்கு இடப்பக்கத்தில் இருந்த தன் அண்ணனைக் கையைப் பிடித்து எழுப்பி, வாசலோரக் கதிரையில் கொண்டுபோய் இருத்திவிட்டு, திரும்பி வந்து தன் இடத்தில் இருந்தார்.

"இப்ப மறுபடியும் சொல்லுங்க" என்றார்.

கலியாணமாகிப் பல வருடங்களாகிவிட்டன. அந்த அண்ணன் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், உள்ளே எவ்வளவு கதிரை கிடந்தாலும், வாசலோரத்தில் தனியாகத்தான் இருப்பார். "எதுக்கும் தள்ளி இருப்பம்" என்பார். என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய் அவருடைய கையில் கொடுப்பேன். சிந்தாமல், சரியான ஆளிடம்.