காதுக்கருவி மதிப்பீடு, குழாய்ச் சத்தம் உட்பட

மரியாதைக்குரிய ஆசிரியர் அய்யாவுக்கு,

உங்கள் பத்திரிகைக்குப் பதினெட்டு வருஷமாக ஹெட்ஃபோன் என்கிற காதுக்கருவிகளைக் கேட்டுப் பார்த்து எழுதிவந்தவரின் மனைவி வணக்கத்துடன் எழுதுவது. அங்கே எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே அவர் போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது, மற்றபடி சௌக்கியம்.

கடைசியாக அவருக்கு அனுப்பிய கருவியைக் கம்பெனிக்காரர் திருப்பிக் கேட்பதாகவும், இந்த மாதம் அவர் பக்கம் காலியாகப் போகும் என்றும் எழுதியிருந்தீர்கள். காய்ச்சலில் படுத்துக்கொண்டுகூட அந்தப் பக்கத்தை நிரப்பியவர் அவர். அதனால் நானே கேட்டு எழுதிவிட்டேன். படித்தது ஐந்தாம் வகுப்பு, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

இது ரெஃபரன்ஸ் வகை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் என்ன என்று முன்பே அவரிடம் கேட்டிருக்கிறேன். "பாட்டுக்குப் பவுடர் பூசிக் காட்டாது. இருக்கிறத இருக்கிறபடி சொல்லும். உன்ன மாதிரி"ன்னார். பாராட்டினாரா திட்டினாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

மேசைமேல் கறுப்புப் பையில் இருந்ததை எடுத்து மாட்டினேன். சோதனைக்கென்று எங்கள் கூடத்தில் அவரே இடது வலது சொல்லி, கைதட்டி, எண்ணிப் பதிந்துவைத்தது ஒன்று செல்போனில் உண்டு. அதைப் போட்டேன். "இடது"ன்னு அவர் குரல் வலது காதில் கேட்டது. ஆகா, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக மனுஷன் தப்பாச் சொல்லிட்டாருன்னு ஒரு நிமிஷம் துக்கத்தையே மறந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் சிவப்புப் புள்ளி வைத்தது வலது காதுக்காம், நான்தான் மாற்றி மாட்டியிருக்கிறேன். போயும் அவர்தான் ஜெயித்தார்.

வெளிச்சத்தத்தைத் தடுப்பதில் முழு மதிப்பெண் போடலாம். எப்படித் தெரியும் என்றால், கீழ்வீட்டு அக்கா கால்மணி நேரம் கதவைத் தட்டி, நானும் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அழுது, பூட்டுக்காரரைக் கூட்டிவந்து கதவைத் திறந்து நாலு பேரோடு உள்ளே வந்து நின்றபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். "உயிரோடதான் இருக்கியா?"ன்னு கேட்டாங்க. "சத்தம் போடாதீங்கக்கா, கேட்டுக்கிட்டிருக்கேன்"னேன். அதற்குப் பிறகு அழுகையை நிறுத்திவிட்டுத் திட்டினாங்க.

தாழ்ந்த சத்தம் உறுமாமல் வருகிறது. மேல்சத்தம் காதைக் குத்தவில்லை. இதெல்லாம் அவர் எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன், இனி சொல்வது என்னுடையது. அந்தப் பதிவைச் செல்போனில் நேராகப் போட்டால் கைதட்டலும் எண்களும் மட்டும்தான். இதில் போட்டால் கூடத்துக்குப் பின்னால் சமையலறையே இருக்கிறது. குழாய் சொட்டுகிறது. என் வளையல் உரசுகிறது. "எத்தன தடவ கத்துறது, அந்தச் சனியனக் காதுலேருந்து எடுத்துட்டு வந்து குழாயப் பாருங்க!"ன்னு என் குரல். உடனே, மூக்கு வழியாக ஒரு சின்னச் சிரிப்பு. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி "மூணு... நாலு"ன்னு எண்ணுகிறார்.

அய்யா, காதில் மாட்டியிருப்பவருக்கு ஒன்றும் கேட்காது என்று இத்தனை வருஷமும் நம்பி, நான் பாட்டுக்கு வாயில் வந்ததையெல்லாம் பேசியிருக்கிறேன். மனுஷனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது! இந்தக் கருவி பொய் சொல்லாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்தச் சிரிப்பை வேறு எதிலும் கேட்க முடியவில்லை, மகளுடைய விலை கூடிய கருவியிலும் போட்டுப் பார்த்துவிட்டேன். கொடுக்க மனசே இல்லை. ஆனாலும் ஊரார் பொருள், துடைத்துக் கட்டி வைத்துவிட்டேன்.

உங்கள் பத்திரிகை நீடித்து வளரட்டும், உங்கள் காதுகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அவர் மனைவி

பின்குறிப்பு: பார்சலை ஒட்டும் நேரத்தில் மகள் வந்தாள். பிரித்துப் பார்த்து, "அம்மா, இது அப்பா பதினோரு வருஷமா மாட்டுனது. அவங்க அனுப்புனது இந்தா"ன்னு மேசை இழுப்பறையிலிருந்து முத்திரை பிரிக்காத பெட்டியை எடுத்து நீட்டினாள். அதைத்தான் அனுப்புகிறேன். அது எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியாது. மேலே எழுதியது எல்லாம் எங்களுடையதைப் பற்றி, அச்சில் போட வேண்டாம், யாராவது கேட்டுவிடப் போகிறார்கள். அவர் பக்கம் இந்த ஒரு மாதம் காலியாகவே போகட்டும். அந்தக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, நாளைக்கு வரச் சொன்ன குழாய்க்காரரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.