மக்கர் செய்த வாட்டர் ஸ்கூட்டர்

ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டால், சுற்றி நிற்கிற அத்தனை பேரும் அந்த நிமிடமே மெக்கானிக் ஆகிவிடுவார்கள். டீ குடிக்க வந்தவர் பிளக்கைக் கழற்றச் சொல்வார். பஸ்ஸுக்கு நிற்பவர் கார்புரேட்டரைக் குறை சொல்வார். வண்டிக்குச் சொந்தக்காரன் மட்டும் ஒன்றும் புரியாமல் முழித்துக்கொண்டு நிற்பான். இந்த அனுபவம் தார்ரோட்டில் பலருக்கு வாய்த்திருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில், பெண் வீட்டார் கண்முன்னால் வாய்த்தவன் தேனி மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது நான் தேவதானப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்மாயில் படகுச் சவாரி நடத்திக்கொண்டிருந்தேன். சவாரி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வாத்து மாதிரி செய்த மிதிபடகுகள், ஒரு கீற்றுக் கொட்டகை, வெயிலில் வெளுத்துப்போன லைஃப் ஜாக்கெட்டுகள், அவ்வளவுதான். கொடைக்கானல் போகிற கார்கள் எங்கள் போர்டைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும். வாத்தைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டிவிடும்.

என் தங்கை கணவர் பாண்டிதான் தொழிலில் எனக்குக் கூட்டு. அவர் ஒருநாள், "மச்சான், வாத்த நம்பிப் பொழப்பு ஓடாது. தண்ணியில சீறிக்கிட்டுப் போகுமே, அந்த வாட்டர் ஸ்கூட்டர் ஒண்ணு எறக்கிப் பாப்போம்" என்றார். கொச்சியில் பழைய ஸ்கூட்டர் ஒன்று விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. போனோம்.

விற்றவர் தங்கமான மனிதர். தண்ணீரில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். பிறகு ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுத் தொட்டுப் பொறுமையாக மலையாளத்தில் விளக்கினார். எனக்கு மலையாளம் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். (குமுளி பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் குடிக்கும் அளவுக்குத் தெரியும்.) அவர் பேசிய வேகத்தில் எனக்கு 'வெள்ளம்' என்ற ஒரு சொல் மட்டும்தான் பிடிபட்டது. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். "ஆம் சேட்டா, ஆம் சேட்டா" என்று தலையை ஆட்டினேன். நான் ஆட்டுவதைப் பார்த்து, எனக்கு எல்லாம் புரிகிறது என்ற நம்பிக்கையில் பாண்டியும் ஆட்டினார். கடைசியாக விற்றவர் சுருள் சுருளான சிவப்புக் கயிறு ஒன்றை என் கையில் மாட்டிவிட்டு எதையோ அழுத்தி அழுத்திச் சொன்னார். சாவி மாட்டிக்கொள்ள அன்பளிப்பு தருகிறார் என்று நினைத்து, கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

ஸ்கூட்டர் மினி லாரியில் வந்து இறங்கிய அதே வாரம் கோம்பையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் சுகன்யா. குமுளியில் ஒரு ஏலக்காய்க் கம்பெனியில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டபோதுதான் என் அம்மா ஒரு காரியம் செய்தார். "கப்பல் லைன்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டார்.

கடலே இல்லாத தேனியில் கப்பல் லைன் எங்கே ஓடுகிறது என்று நேரில் பார்த்துவிட வேண்டும் என்று பெண்ணின் அப்பா சின்னச்சாமி முடிவு செய்தார். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்மாய்க்கே வந்துவிட்டார். அதற்கு முன் வந்த சம்பந்தக்காரர்கள் எல்லாம் வாத்தைப் பார்த்த கையோடு ஊர் திரும்பியவர்கள். இதுவும் அப்படிப் போய்விடக் கூடாதே என்று, வாத்துப் பக்கம் திரும்பவிடாமல் அவர்களை ஸ்கூட்டர் தெரிகிற கரையில் நிறுத்தினேன். போட்டோவில் பார்த்ததைவிட நேரில் சுகன்யா இன்னும் அழகாக வேறு இருந்தாள்.

வெள்ளைச் சட்டை, மேலே லைஃப் ஜாக்கெட், இடுப்பில் சிவப்புச் சுருள் கயிற்றில் தொங்கும் பைக் சாவி. இந்தக் கோலத்தில் நான் கம்பீரமாக நடந்து போய், தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தேன். கரையைப் பார்த்துச் சிரித்தேன். பச்சைப் பட்டனை அழுத்தினேன்.

ஒரு சத்தமும் இல்லை. கண்மாயில் நாரை இறக்கையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. மறுபடி அழுத்தினேன். நாரை பறந்து போய்விட்டது.

"பேட்டரி எறங்கியிருக்கும் மச்சான்" என்றார் பாண்டி. கரையில் நின்ற டிராக்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து வயர் கொடுத்தோம். பலனில்லை. அதற்குள் மீன் பிடிக்க வந்தவர்கள், குளிக்க வந்தவர்கள், மாடு ஓட்டி வந்தவர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. பிளக்கைக் கழற்றச் சொன்னார் ஒருவர். கழற்றி, தேய்த்து, ஊதி மாட்டினோம். (மோட்டாரே சுற்றாதபோது பிளக் என்ன செய்யும் என்று இப்போது கேட்கத் தெரிகிறது.) பெட்ரோல் பழசு என்றார் இன்னொருவர். அதையும் மாற்றினோம்.

சின்னச்சாமியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். "ஏலே, ஸ்கூட்டர்ங்கிறீக, சாய்ச்சுப் பிடிக்க மாட்டீகளா? எங்கிட்ட இருந்த ஸ்கூட்டரு சாய்ச்சுப் பிடிச்சாத்தான் எடுக்கும்" என்றார். நான்கு பேர் சேர்ந்து சாய்த்தோம். நான் மறுபக்கம் தண்ணீருக்குள் விழுந்தேன். ஸ்கூட்டர் எடுக்கவில்லை.

"அப்ப செகண்ட் கியர்ல போட்டுத் தள்ளுங்க."

"ஐயா, இதுல கியரே இல்ல."

"கியர் இல்லாத வண்டிய எவன்யா விக்கிறான்?"

விடவில்லை மனிதர். முன்பக்கம் கயிறு கட்டி, கரையோரமாகப் பத்துப் பேர் இழுத்துக்கொண்டு ஓட, நான் மேலே உட்கார்ந்து பட்டனை அழுத்திக்கொண்டே போனேன். திருவிழாவில் சப்பரம் போவதுபோல ஊர்வலம் போனேனே தவிர, எஞ்சினிலிருந்து ஒரு செருமல்கூட வரவில்லை.

அப்போதுதான் கரையிலிருந்து சுகன்யா முதன்முதலாக என்னிடம் பேசினாள். "ஏங்க, அது பின்பக்கம் எறங்கிக்கிட்டே போகுதே. அப்படித்தான் இருக்குமா?"

"அதோட டிசைனே அப்படித்தாங்க. தண்ணியக் கிழிச்சுக்கிட்டுப் போறதுக்காக மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கும்" என்றேன், ஏதோ நானே அதை வடிவமைத்தவன் போல.

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. "யார்கிட்ட வாங்குனீக? நம்பர் இருக்கா?" என்று கேட்டாள். கரையில் இருந்த என் போனைக் காட்டி, பெயரைச் சொன்னேன். அவள் கொச்சிக்காரரை அழைத்து மலையாளத்தில் சரளமாகப் பேசத் தொடங்கினாள். குமுளியில் தினமும் மலையாளிகளோடு வியாபாரம் பேசுகிறவள் அல்லவா! கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. கடைசியில் என் இடுப்பைப் பார்த்தாள்.

"ஒரு செவப்புக் கயிறு குடுத்தாகளாமே. எங்கன்னு கேக்குறாக."

"எந்தக் கயிறு?"

"உங்க இடுப்புல பைக் சாவி தொங்குதே, அதுதானா?"

கூட்டமே என் இடுப்பைப் பார்த்தது.

"அதோட நுனியில இருக்க கிளிப்ப ஸ்டாப் பட்டனுக்கு அடியில மாட்டணுமாம். மத்த நுனிய கையில போட்டுக்கிறணுமாம். ஆளு தண்ணியில விழுந்தா கிளிப்பு கழண்டு எஞ்சின் தானா நின்னுருமாம். கிளிப்பு மாட்டாம ஸ்டார்ட்டே ஆகாதாம்." கொஞ்சம் நிறுத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதெல்லாம் அவுக தெளிவாச் சொன்னாகளாம். நீங்களும் ஆம் ஆம்னு தலையாட்டுனீகளாம்" என்றாள்.

எனக்குத் தண்ணீருக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஏற்கனவே போய்க்கொண்டுதான் இருந்தேன் என்பது அவளுடைய அடுத்த கேள்வியில் தெரிந்தது.

"இன்னொண்ணும் கேக்குறாக. பின்னாடி தண்ணி வடியுறதுக்கு ரெண்டு ஓட்டை இருக்காம். கண்மாயில எறக்குறதுக்கு முன்னாடி மூடி போடணுமாம். போட்டீகளா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஸ்கூட்டரின் பின்பாதியைக் காணோம். எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லையே என்று நாங்கள் அத்தனை பேரும் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பின்பக்கம் அமைதியாக மூழ்கிக்கொண்டிருந்திருக்கிறது. மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது டிசைன் அல்ல, கடைசி மூச்சு.

பேட்டரியைத் திரும்ப மாட்டி, டிராக்டரை வைத்தே இழுத்துக் கரையில் போட்டோம். இரண்டு ஓட்டையிலிருந்தும் பம்புசெட் போட்ட மாதிரி தண்ணீர் கொட்டியது. மூடிகள் சீட்டுக்கு அடியில் பாலிதீன் பையில் பத்திரமாக இருந்தன. எஞ்சினுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும் என்று கொச்சிக்காரர் போனிலேயே வழி சொல்ல, சுகன்யா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

"பிளக்குகளக் கழட்டுங்க. கிளிப்ப மாட்டுங்க. இப்ப பட்டன அழுத்துனா உள்ள இருக்க தண்ணி பீச்சிக்கிட்டு வெளிய வருமாம்."

பாண்டி பட்டனை அழுத்தினார். என்ன வருகிறது பார்ப்போம் என்று நான் குனிந்தேன்.

"மூஞ்சியக் கிட்டக் கொண்டு போகக் கூடாதாம்" என்று அடுத்த வரியும் வந்தது. அது வருவதற்குள் எண்ணெயும் தண்ணீரும் கலந்த கரும்பீச்சல் என் முகத்துக்கும் வெள்ளைச் சட்டைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் ஒரு விஷயம்: மோட்டார் சுற்றியது! அந்தக் கரிய முகத்தோடு நான் குதித்த குதியை என் மாமியார் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார்.

மதியச் சாப்பாட்டுக்குக்கூட யாரும் கிளம்பவில்லை. பிளக்கைக் காய வைத்து, மூடியைத் திருகி, மறுபடி தண்ணீரில் இறக்கினோம். பட்டனைத் தொட்டதும் ஸ்கூட்டர் உறுமியது. கரையே கை தட்டியது. நான் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டு கண்மாயின் நடுவே பறந்தேன்.

எதிரே ஆகாயத்தாமரைப் புதர். பயந்துபோய் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஹேண்டிலைத் திருப்பினேன். அது திரும்பவில்லை. ஆக்சிலேட்டர் கொடுத்தால்தான் இந்த வண்டி திரும்பும். (அதையும் கொச்சிக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்கும் தலையாட்டியிருக்கிறேன்.) நேராகப் புதருக்குள் போய்ச் செருகினேன். வண்டிக்கு அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாயில் வேரெல்லாம் சிக்கிக்கொண்டு எஞ்சின் நின்றது.

சற்று நேரத்தில் ஒரு வாத்து என்னை நோக்கி வந்தது. சின்னச்சாமியும் சுகன்யாவும் மிதித்துக்கொண்டு வந்தார்கள். "மிதி ஆத்தா, வெரசா மிதி" என்ற குரல் தூரத்திலேயே கேட்டது. பக்கத்தில் வந்ததும் அவர் வாத்தின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். "தம்பி, இந்தக் கப்பல் நல்லாருக்கு. பெட்ரோல் வேணாம், பிளக் வேணாம்."

என்னை ஏற்றிக்கொண்டு, ஸ்கூட்டரைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வரும்போது, அவர் மகளிடம் சொல்வது போல என் காதில் விழச் சொன்னார். "முங்குனாக, எண்ணெயில குளிச்சாக, புதருக்குள்ள கெடந்தாக. இம்புட்டுக்கும் ஒரு ஆளு மேல எரிஞ்சு விழலையே. நானா இருந்தா அந்த வண்டிய அருவாள வச்சு வெட்டியிருப்பேன்."

சுகன்யா என்னைப் பார்த்தாள். "எது சொன்னாலும் தலையாட்டிருவீகளா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். மூன்று பேரும் சிரித்ததில் வாத்து ஆடியது.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. சுகன்யா குமுளி வேலையை விட்டுவிட்டு கண்மாய்க்கு வந்தாள். இப்போது கேரளா பதிவெண் உள்ள கார்களும் எங்கள் கொட்டகையில் நிற்கின்றன. ஸ்கூட்டரும் நன்றாக ஓடுகிறது. மூடி போட்டாயிற்றா, கிளிப் மாட்டியாயிற்றா என்று அவள் பார்த்து முடிக்கும்வரை பட்டன் பக்கம் என் கையை விடுவதில்லை.

என் மாமனாருக்கு மட்டும் அந்த நாளிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. விசேஷ வீடுகளில் யாராவது மருமகன் எங்கே என்று விசாரித்தால், "அவரு எப்பவும் தண்ணியிலதான் கெடக்காரு" என்பார். விளக்கம் சொல்ல மாட்டார். கேட்டவர்கள் என்ன நினைப்பார்கள்? போன மாதம் கடமலைக்குண்டில் ஒரு காதுகுத்து வீட்டில், முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பிள்ளகுட்டிக்காரரு. அந்தத் தண்ணிய விட்டுருங்கய்யா" என்றார், கண் கலங்க.

"விட முடியாதுங்கய்யா. பொழப்பே அதுலதான் ஓடுது" என்றேன்.

அவர் திகைத்துப்போய்ப் பக்கத்தில் நின்ற சுகன்யாவைப் பார்த்தார். என் மனைவி பெட்ரோலை மனதில் வைத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொன்னாள்.

"ஆமாங்கய்யா. காலையில நாந்தான் ஊத்திக் குடுக்கேன்."