குறையில்லாத வேலி

மனித குலம் முன்னேறியது நெருப்பாலும் சக்கரத்தாலும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். தவறு. நெருப்பு அணைந்துவிடும், சக்கரம் பஞ்சராகும். என்றைக்கு மனிதன் நாலு கம்பத்தை நட்டு, நடுவே கம்பியை இழுத்துக் கட்டி, ‘இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ’ என்று அறிவித்தானோ அன்றைக்குத்தான் நாகரிகம் பிறந்தது. அந்த வட்டாரத்தில் அந்த நாகரிகத்தைத் தனி ஆளாகத் தாங்கிக்கொண்டிருந்தவர் கம்பியார்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது வங்கிக்கு மட்டும் தெரியும்.

சரிவான நிலத்தில் வேலி படிப்படியாக இறங்க வேண்டுமா, தரையோடு சேர்ந்து சரிய வேண்டுமா என்பதில் வேலிக்காரர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. கம்பியார் இரண்டிலும் மூத்த உறுப்பினர். சேற்று நிலத்தில் அவர் நட்ட கம்பம் சாய்ந்ததில்லை. பாறை நிலத்தில் அவர் துளைபோட்டால் பாறை ஒதுங்கி இடம்விடும் என்று பேச்சு. பண்ணைக்கு முள்கம்பி, வீட்டுக்கு வலைக்கம்பி, கௌரவத்துக்கு இரண்டும். மாடு முட்டி வளைந்ததையும், லாரி பின்னால் வந்து நசுக்கியதையும் புதிது போல நிமிர்த்திக் கொடுப்பார்.

அவருக்கு ஒரே கொள்கை. எல்லைக்கல்லிலிருந்து எல்லைக்கல்லுக்கு நூல் பிடிப்பார். நூல் போகும் வழியில் வேலி போகும். நூலுக்கு இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் யார் நடக்கிறார்கள் என்பது அவருடைய ‘இலாகா’ அல்ல. இன்னொரு தொழில் தர்மமும் உண்டு. கடைசி முடிச்சை, வேலி போடச் சொன்னவரின் பக்கம் நின்றுதான் முறுக்குவார். முடிச்சின் நுனி அவர் பக்கம் இருந்தால்தான் வெளியாள் கைவிட்டு அவிழ்க்க முடியாது.

கம்பியாரின் வீட்டுக்கு இடதுபுறம் பழத்தோட்டம். வலதுபுறம் கோழிப்பண்ணை. பின்புறம், கல் வெட்டி எடுத்துவிட்டுப் போன ஆழமான பள்ளம். அது இயற்கையும் குத்தகைதாரரும் சேர்ந்து போட்ட வேலி. தோட்டத்துக்கும் பண்ணைக்கும் வேலி போட்டவர் கம்பியாரே. முன்புறம் மட்டும் திறந்து கிடந்தது. அது பக்கத்துக் குடியிருப்புச் சங்கத்தின் காலி மனை. அதன் குறுக்கே ஒற்றையடிப் பாதை ஒன்று கம்பியாரின் வாசலில் வந்து முடியும்.

அந்தக் காலி மனைக்கும் சங்கம் ஒரு நாள் வேலி கேட்டது. கம்பியார் மகிழ்ந்துபோய் ஒப்புக்கொண்டார்.

இப்போது நீங்கள் நினைப்பதை அவர் நினைக்கவில்லை. மேதைகள் சில்லறை விஷயங்களை நினைப்பதில்லை.

நூல் பிடித்தார். கம்பம் நட்டார். முட்டுக்கால் கொடுத்தார். விரல் நுழையாத அளவுக்கு நெருக்கமான வலையாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வந்து இழுத்துக் கட்டினார். உச்சியில் முள்கம்பி ஓடவிட்டார். சங்கத்தின் பக்கம் நின்று கடைசி முடிச்சை முறுக்கினார். சங்கத் தலைவர் கை தட்டினார். தேநீர் கொடுத்தார்கள். குடித்தார். கம்பி நறுக்கும் குறட்டை இடுப்பில் செருகிக்கொண்டு வழக்கமான பாதையில் வீட்டுக்கு நடந்தார்.

வேலி வந்தது.

அந்தப் பக்கம் முன்கூடத்தில் அவருடைய மனைவி தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் அவர்தான் தையல்காரர்.

“என்னங்க, அங்கயே நின்னுட்டீங்க?”

“வேலியைப் பாக்கறேன்.”

“எப்படி இருக்கு?”

“பிரமாதமா இருக்கு.”

“சரி, உள்ள வாங்க. கை கழுவுங்க.”

கம்பியார் இடதுபுறம் பார்த்தார். வலதுபுறம் பார்த்தார். ஒரு சின்ன இடுக்காவது இருக்கும் என்று தன் வேலையைப் பற்றி வாழ்க்கையில் முதன்முறையாகக் குறைவாக எடைபோட்டார். இல்லை.

“காலையிலிருந்து பாத்துட்டுத்தானே இருந்த? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“கேட்டேனே, கேட் எங்க வரும்னு. ‘சங்கம் குடுத்த படத்துல கேட் இல்ல, உன் வேலையைப் பாரு’ன்னீங்க. நானும் என் வேலையைப் பாத்தேன்.”

“அது சரி.”

“எது சரி? நான் இருக்கறது உள்ளயா வெளியிலயா, அதைச் சொல்லுங்க முதல்ல.”

தொழில்ரீதியாக இது நல்ல கேள்வி. கம்பியார் முடிச்சின் நுனியைப் பார்த்து, “நீ வெளியில இருக்க” என்றார்.

“என் வீட்டுக்குள்ளயா?”

இடுப்பில் குறடு இருந்தது. ஒரு நறுக்குப் போதும். ஆனால், தான் போட்ட வேலியைத் தானே அறுப்பதா? தவிர, யார் அறுத்தாலும் உடனே வந்து சரிசெய்து தருவதாகச் சங்கத்துக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அறுத்துவிட்டு வீட்டுக்குப் போனால், கடைசி முடிச்சுக்காகச் சங்கத்தின் பக்கம் திரும்பி வந்து கட்ட வேண்டும். கட்டினால் அங்கேயேதான் நிற்க வேண்டும். கம்பியார் அன்றிரவு, கம்பம் ஏற்றி வந்த தன் வண்டியில் படுத்தார். சாப்பாட்டுத் தூக்கின் எந்த அடுக்கும் வலைக் கண்ணில் நுழையவில்லை. மனைவி கடலை மிட்டாயை உடைத்து உடைத்துத் தள்ளினார்.

மறுநாளிலிருந்து தையல் வாடிக்கையாளர்கள் வேலியோரம் வரிசையில் நின்றார்கள். “மூச்சை இழுத்துப் பிடிச்சுக் கம்பியோட ஒட்டி நில்லுங்கக்கா” என்று சொல்லி, அளவு டேப்பை ஒரு கண்ணில் விட்டு இன்னொரு கண்ணில் வாங்கினார் மனைவி. நவீன முறைதான். ஆனால் பள்ளிக்கூட டீச்சர் ஒருவருக்கு இடுப்பளவில் வேலியும் சேர்ந்துவிட்டது. தைத்த உடை அவருக்கும் பொருந்தவில்லை, வேலிக்கும் பொருந்தவில்லை. வரிசை மெலிந்தது.

“இங்க பாருங்க. எனக்கு வழி வேணும். ஆளுங்க வரலைன்னா மிஷின் ஓடாது. மிஷின் ஓடலைன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்.”

“எப்படிப் போவ?”

மனைவி அவரைப் பார்த்தார். வலைக் கண் வழியாகப் பார்த்தால் பார்வைக்குக் கூர்மை அதிகம். கம்பியார் வழி தேடிக் கிளம்பினார்.

பழத்தோட்டக்காரர் சிரித்த முகமாக வரவேற்றார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

“என் வேலியில ஓட்டை போடறதா? இது யார் போட்ட வேலி தெரியுமாய்யா?”

“நான்தான் போட்டேன்.”

“அப்ப உங்களுக்கே தெரியும், இதுல கை வெக்கறது எவ்வளவு பெரிய பாவம்னு.”

கோழிப்பண்ணை அம்மாவும் நியாயமான ஆள்தான். “உங்களுக்குத் திறந்துவிட்டா நரிக்கும் திறந்துவிடணும் தம்பி. நரி உங்களுக்கு முன்னாடியே கேட்டுட்டுப் போயிருக்கு” என்றார்.

மிச்சம் சங்கம்தான். சங்கம் அவசரக் கூட்டம் கூட்டியது. தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. ‘பரிசீலிக்கப்படும்’ என்ற சொல்லைத் தூக்கத்திலும் ஒழுங்கான இடைவெளியில் சொல்லக்கூடியவர். நாற்காலிகளை இழுத்துப் போட்டு முடித்ததும் அவர் எழுந்தார்.

“நம்ம கம்பியார் வீட்டுக்கு வழி இல்லைங்கற விவரம் இந்தச் சபையின் கவனத்துக்கு வந்திருக்கு. இதை நாம அனுதாபத்தோடு பதிவு பண்றோம்.”

“வழி குடுக்கலாமே?” என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

“பாதுகாப்புக்காகப் போட்ட வேலியில வழி விட்டா அது பாதுகாப்புக்கு எதிரானது. ஆனா ஒண்ணு. வேலி பழுதாகி, பராமரிப்பு நடந்துட்டிருந்தா, அந்த இடம் திறந்திருக்கலாம். அதுக்குத் தடை எதுவும் இல்லை.” தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “அதனால கம்பியார் எழுந்து, தன் வேலியில குறை இருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். போட்டவர் வாயால வந்தாத்தான் செல்லும்.”

சபை கம்பியாரைப் பார்த்தது. ஒரு வார்த்தை. அதற்கு அந்தப் பக்கம் மனைவி, தையல் மிஷின், சூடான சோறு, சொந்தக் கட்டில். கம்பியார் எழுந்தார். தொண்டையைச் செருமினார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

“வேலியில…” என்றார்.

“சொல்லுங்க.”

“வேலியில…”

“பக்கத்துல வந்துட்டீங்க. சொல்லுங்க.”

“வேலியில ஒண்ணும் இல்லைங்க. என் வேலி சுத்தம். தரைதான் சரியில்லை.”

சபையில் ஒரு முணுமுணுப்பு.

“தரைன்னா?”

“என் வீட்டு வாசலுக்கு நேரா இருக்கற தரை. கொஞ்சம் இளகின தரை. அங்க கம்பம் நிக்காது. அதாவது நிக்கும், நான் நட்டா நிக்கும். ஆனா தரை தன் கடமையைச் செய்யலை. கூடவே ஒருத்தர் இருந்து பாத்துட்டே இருக்கணும்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“தரை திருந்தற வரைக்கும்.”

தலைவரின் முகம் மலர்ந்தது. முடிவே இல்லாத வேலை என்றால் அவருக்கு உயிர். ‘தரையின் ஒத்துழையாமை காரணமாகத் தொடர் பராமரிப்பு’ என்று தீர்மானம் நிறைவேறியது. ஒரே ஒரு நிபந்தனை: பணியாளர் தவிர யாரும் அந்தத் திறப்பு வழியாகப் போகக் கூடாது, பணியாளருக்கு அடையாளம், கையில் குறடு.

அன்று மாலை கம்பியார் வாசலுக்கு நேரே வலையை அவிழ்த்துச் சுருட்டி வைத்தார். உள்ளே போய்க் கை கழுவினார்.

அதன்பின் அந்த வேலியைப் போலப் பராமரிக்கப்பட்ட வேலி உலகத்தில் இல்லை. தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் ஒரு கையில் துணிப் பையும் மறு கையில் குறடுமாக வந்தார்கள். குறடு இல்லாதவர்கள் பாக்குவெட்டியைக் காட்டினார்கள். சங்கத்தின் காவலாளி பெருந்தன்மையாக அனுமதித்தார். மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வந்தபோது, நாலு பேரும் குறடு ஏந்தி வரிசையாக நுழைந்ததைப் பார்த்து, ‘வேலை மும்முரமாக நடக்கிறது’ என்று தலைவர் பூரித்துப்போனார். கைக்குழந்தைக்குக்கூட ஒரு சின்னக் குறடு. டீச்சர் மறுபடி வந்து இடுப்பளவு கொடுத்தார். வேலி கழிந்திருந்தது.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கம்பியாருக்கு மாலை போட்டார்கள். “போட்டதோடு போகிறவர்கள் மத்தியில், போட்ட நாளிலிருந்து இடைவிடாமல் கூடவே இருந்து காத்துவரும் ஒரே வேலிக்காரர்” என்று தலைவர் பாராட்டினார். கம்பியார் அடக்கமாகத் தரையைப் பார்த்தார். பழி சுமந்த அந்த வாசல் தரை, நல்லவேளையாக, அவர்மேல் வழக்குப் போடவில்லை.

புகழ் பரவினால் ஆள் தேடி வரும். ஒரு நாள் காலை, வண்டிப் பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். பக்கத்துப் பகுதிக்காரர். அவருடைய பட்டறைக்கு முன்னால் கம்பியார் ஒரு கம்பெனிக்கு வேலி போட்டுக் கொடுத்திருந்தார். திண்டாடித் திண்டாடி வந்தவர் மாதிரி சட்டையில் நாலு இடத்தில் முள் கிழித்திருந்தது.

“வாங்க, உக்காருங்க. வேலியில ஏதாவது புகாரா?”

“ஐயோ, இல்லைங்க. ஒரு குறையும் இல்லை. அதான் வந்தேன்.” அவர் உட்காரவில்லை. “வண்டி எதுவும் பட்டறைக்குள்ள வர முடியலைங்க. நானே ஏறிக் குதிச்சுத்தான் வரேன். கம்பெனியில கேட்டேன். போட்டவர் ஒரு வார்த்தை சொன்னா, ரிப்பேர்னு திறந்து வெச்சிக்கலாம்னாங்க. உங்க வீட்டுக்கு அப்படித்தான் திறந்திருக்காமே.”

கம்பியார் உதட்டைப் பிதுக்கினார்.

“உங்க தரை எனக்குத் தெரியும். நானே கடப்பாரை போட்டுப் பாத்திருக்கேன். கெட்டித் தரை.”

“அதையும் இளகின தரைன்னு…”

“அது எப்படிங்க சொல்ல முடியும்? பொய்யாயிடாதா?”

பட்டறைக்காரர் திரும்பினார். சுற்றிலும் பார்த்தார். திறந்து கிடந்த வாசலைப் பார்த்தார். அது வழியாகவே போனார்.

மிஷின் நின்றது. “ஒரு குறை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பீங்க?” என்றார் மனைவி.

“என் வேலையிலயா?” கம்பியாருக்கு உண்மையிலேயே மனசு புண்பட்டுவிட்டது. “இத்தனை வருஷத்துல ஒருத்தன் ஒரு குறை சொல்லியிருப்பானா?”

சொல்லவில்லைதான். மேட்டிலும் பள்ளத்திலும், தோட்டத்திலும் தெருவிலுமாக அவர் போட்ட எந்த வேலியிலும் இன்றுவரை ஒரு குறையும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் யாரோ ஒருவர் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.