கட்டைவிரல் காட்டுவோர்

மனிதர்களில் ‘கிடைத்தது’ என்றொரு இனம் உண்டு. நீங்கள் குழந்தை பிறந்த செய்தியை அனுப்பினாலும், கூரை ஒழுகும் செய்தியை அனுப்பினாலும், ‘இனி உன் முகத்திலேயே விழிக்க மாட்டேன்’ என்று மூன்று பத்தி எழுதி அனுப்பினாலும், கண் இமைப்பதற்குள் அவர்களிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்து நிற்கும். படித்தார்களா? அதெல்லாம் கேட்கக் கூடாது. விரல் வந்ததா இல்லையா?

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் ‘வாசல்’. கணினியின் இயங்குதளத்துக்குள் கர்னல் என்று ஓர் உள்ளறை இருக்கிறது. வெளியே ஓடும் புரோகிராம்கள் அதற்குள் கால் வைக்க முடியாது. சாக்கெட் என்ற ஜன்னல் வழியாகச் செய்தியை நீட்டலாம், அவ்வளவுதான். நீட்டியதை வாங்கி, முழுசாக வந்திருக்கிறதா, கேட்பவனுக்குக் கேட்கும் உரிமை உண்டா, கேட்டது நடக்கிற காரியமா என்று புரட்டிப் பார்த்து, வேலையைச் செய்து, நடந்தால் ‘ஆயிற்று’ என்றும் நடக்காவிட்டால் ‘ஆகாது, இன்ன காரணம்’ என்றும் பதில் சொல்லும் நிரலை எழுதுவது வாசல் சாரின் பிழைப்பு. அதில் அவர் புலி. அந்த ஜன்னலில் கேட்பாரற்றுக் கிடந்த செய்தி என்று ஒன்று கிடையாது.

அன்று காலை, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பொறியாளர் எழுதிய நிரலைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு வாசல் சார் அவளை வறுத்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, செய்தியைப் பிரிக்கவே இல்ல. அதுக்குள்ள ‘ஆச்சு’ன்னு பதில் அனுப்பிட்டியே.”

“சீக்கிரம் பதில் போனா நல்லதுதானே சார்?”

“எது நல்லது? அனுப்பினவன் உன்னை நம்பி அடுத்த வேலைக்குக் கிளம்பிடுவான். இங்க ஒண்ணும் நடந்திருக்காது. பதில் சொல்லாம இருந்தாக்கூட அவன் திரும்பக் கேப்பான். நீ அந்த வழியையும் அடைச்சிட்ட.”

இதைச் சொல்லும்போதே மேசையில் அவர் கைபேசி முனகியது. கண் திரையில், வாய் உபதேசத்தில். விரல் மட்டும் தானாகப் போய் ஓர் அழுத்து அழுத்திவிட்டுத் திரும்பியது. மாடு வாலால் ஈ ஓட்டுவது போல. மாட்டுக்காவது ஈ உட்கார்ந்தது தெரியும்.

மதியம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்து, அந்தப் பெண் நிரலைத் திருத்திக் காட்டி, வாசல் சார் “இப்பத்தான் இது நிரல்” என்று சான்றிதழ் வழங்கிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தார். அவருடைய அப்பாவின் குரல் என் மேசை வரைக்கும் கேட்டது.

“என்னப்பா, வந்துட்டிருக்கியா?”

“எங்கப்பா?”

“எங்கயா? கண் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்கேன். ஆபரேஷன் முடிஞ்சு வெளிய அனுப்பிட்டாங்க. பரீட்சை டூட்டிக்கு நேரமாச்சுன்னு உன் தங்கச்சி ஸ்கூலுக்குப் போயிட்டா. நீ வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியாமே.”

“நான் எப்பப்பா சொன்னேன்?”

“விரலைக் காட்டினியாம். செக்யூரிட்டி தம்பி போன்லேருந்து பேசறேன். ஒரு கண்ணுலதான் கட்டு, இன்னொண்ணு நல்லாத்தான் தெரியுது. அதுல எவ்வளவு தேடியும் உன்னைக் காணோம்.”

வாசல் சார் கைபேசியைத் திறந்து பார்த்தார். தங்கையின் செய்தி நான்கு வரி. கீழே அவருடைய கட்டைவிரல், விறைப்பாக, பெருமையாக.

அந்தப் பெண் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்: “சார், செய்தியைப் பிரிக்கலையோ?”

“ஒரே நேரத்துல நிறைய வந்துடுதும்மா. வர்றதைப் போட்டு வைக்கிற பஃபர் தாங்கல.”

“தாங்கலைன்னா ‘இடமில்லை’ன்னு பதில் சொல்லணும்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க.”

அவர் பையை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் ஓடினார். அவர் மறந்துவிட்டுப் போன குடையோடு நானும் பின்னால் ஓடினேன். வண்டிக் கதவைத் திறந்தபோது கைபேசி மறுபடி முனகியது. தங்கைதான். எந்தச் சொட்டு மருந்தை எந்தக் கண்ணில் விட வேண்டும், அப்பா எந்தப் பக்கம் படுக்கக் கூடாது என்று அவள் நீளமாக எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. திரையில் அது முழுசாக ஏறுவதற்குள் விரல் போய்விட்டு வந்துவிட்டது.

“சார், என்ன எழுதியிருக்காங்க?” என்றேன்.

“யாரு?” என்றார்.

இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்தப் பக்கத்தை உங்களுக்கு யாரோ அனுப்பித்தானே படிக்கிறீர்கள்? ஒன்றே ஒன்று கேட்கிறேன். ‘அருமை’ என்று அவருக்குப் பதில் போட்டீர்களே, அது படித்த பிறகா?