புள்ளி அண்ணாச்சி பெண் பார்த்த கதை

தூத்துக்குடியில் புள்ளி அண்ணாச்சியின் கண்ணுக்குத் தப்பி எந்தக் கம்ப்யூட்டர் திரையும் தன் ஆயுளை முடித்ததில்லை. துறைமுகத்து ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, திரேஸ்புரத்து ஐஸ் கம்பெனி என்று எந்த இடத்துத் திரைக்கு முன்னால் நிறுத்தினாலும் அரை நிமிடத்தில் அதில் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்துவிடுவார். புள்ளி எதுவும் இல்லையென்றால் முகம் வாடிவிடும்.

திரை என்பது எண்ணற்ற சின்னஞ்சிறு புள்ளிகள் சேர்ந்து எரிவது. அதில் ஒன்று எரியாமல் கறுப்பாக நின்றுவிடும். அல்லது பச்சையிலோ சிவப்பிலோ மாட்டிக்கொண்டு மாறாமல் நிற்கும். ஊரெல்லாம் இதை ‘டெட் பிக்ஸல்’, செத்த புள்ளி, என்கிறார்கள். அண்ணாச்சி முன்னால் அப்படிச் சொன்னால் கோபம் வரும்.

நான் அப்போது கப்பல் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் தயாரிக்கும் ஆபீஸ் ஒன்றில் இருந்தேன். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள மாதம் இரண்டு முறை வருவார். வயது முப்பத்தாறுதான். ஆனால் எல்லோருக்கும் அண்ணாச்சி, ஐம்பத்தெட்டு வயது மேனேஜர் உட்பட. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் நகைக்கடை லென்ஸ் ஒன்று இருக்கும். என் லேப்டாப்பில் பச்சைப் புள்ளி ஒன்று வந்தபோதுதான் முதன்முதலாக அவரிடம் பேசினேன்.

“எத்தன நாளா இருக்கு?”

“ஒரு வாரமா அண்ணாச்சி.”

“மேல கனமா ஏதும் வச்சியா?”

“டிபன் பாக்ஸ் வச்சேன்.”

“என்ன சாப்பாடு?”

“புளியோதரை. அதுக்கும் இதுக்கும் என்ன அண்ணாச்சி?”

“ஒண்ணுமில்ல தம்பி. பசிக்கி, அதான் கேட்டேன்.”

மிச்சமிருந்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார். நிறங்கள் படபடவென்று மாறும் ஒரு படத்தைத் திரையில் ஓடவிட்டு, மெல்லிய துணியை விரலில் சுற்றி, அந்த இடத்தை நாடி பார்ப்பதுபோல் அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“செத்துட்டுன்னு சொல்லாத. பச்சையிலயே முழிச்சிட்டு நிக்கி. பேச்சுக் குடுத்தா திரும்பும்.”

நாலு மணிக்கு அது உண்மையாகவே திரும்பிவிட்டது. நான் ஆபீஸ் முழுவதையும் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

“எங்கடே?” என்றார் மேனேஜர்.

“இப்ப இல்ல சார்.”

“இல்லாததக் காட்டுததுக்கா என்னக் கூப்பிட்ட?”

அண்ணாச்சியின் புள்ளிப் பைத்தியத்தோடு மேனேஜர் சமாதானமானது ஒரு மழைக்கால மதியத்தில். இன்டர்நெட் போய்விட்டதால் யாருக்கும் வேலையில்லை. இதுதான் சமயமென்று அண்ணாச்சி ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பதினோரு திரைகளையும் ஒரே நேரத்தில் சோதனைக்குப் போட்டார். முதலில் எல்லாம் வெள்ளை, பிறகு சிவப்பு, பச்சை, கடைசியில் நீலம். நீலம் வந்ததும் அறையே கடலுக்குள் இறங்கிவிட்டது. ஃபைல்கள் நீலம், சுவர் நீலம், சும்மா உட்கார்ந்திருந்த எங்கள் கைகளும் நீலம். டைப்பிஸ்ட் அக்கா, நனைந்துவிடும் என்பதுபோல் கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. அது எங்கள் தலைக்கு மேலே எங்கேயோ மிதந்துபோவதுபோல் கேட்டது. அண்ணாச்சி லென்ஸும் கையுமாகத் திரைக்குத் திரை மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தார். திட்டுவதற்காக வெளியே வந்த மேனேஜர் அப்படியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து, அண்ணாச்சி அணைக்கப் போனபோது, “இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்” என்றார்.

அண்ணாச்சி வீட்டில் ஒரு திரை இருந்தது. பழைய திரைகளை வருஷக்கணக்காக வாங்கிப் பார்த்துக் கழித்து, கடைசியில் அவருக்குக் கிடைத்த, ஒரு புள்ளிகூடக் குறையாத திரை. அதில் அவர் படம் பார்த்ததில்லை, பாட்டுக் கேட்டதில்லை. தினமும் காலையில் வெறும் வெள்ளையாக எரியவிட்டு, காபி முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அணைத்துப் போர்வையால் மூடிவிடுவார்.

இப்படிப்பட்டவருக்குப் பெண் தேடினார் அவருடைய அக்கா. ஐந்து வீடு பார்த்தாகிவிட்டது, ஒன்றும் அமையவில்லை. மூன்றாவது வீட்டில் பெண்ணின் அப்பா, “என்ன மாப்ள, புடிச்சிருக்கா?” என்று கேட்டிருக்கிறார். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வலது ஓரத்துல ஒரு சின்னக் கொறை” என்றாராம் இவர். உள்ளே பெண் அழுத சத்தம் தெருவரைக்கும் கேட்டதாம்.

அதனால் ஆறாவதாக ஓட்டப்பிடாரம் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள். அண்ணாச்சிக்கும் டி.வி.க்கும் நடுவில் உட்கார்ந்து மறைக்க வேண்டும். அக்கா ஒப்படைத்த வேலை அதுதான். நானும் முதுகை அகலப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணாச்சி என் தோளுக்கு மேலே, காதுக்குப் பக்கத்தில், அக்குளுக்குக் கீழே என்று எட்டி எட்டிப் பார்த்தார்.

காபியோடு வந்த பெண் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள்.

“அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அவங்க பாக்கட்டும்” என்றாள் என்னிடம். பிறகு அவரிடம், “ரெண்டு இருக்கு. ஒண்ணு கறுப்பு. செவப்பு ஒண்ணு, அது வெயில் காலத்துல மட்டும் வரும்” என்றாள்.

அண்ணாச்சியின் கை காபியை நோக்கிப் பாதி வழியில் நின்றுவிட்டது.

“ஏளா, காபியக் குடு மொதல்ல” என்றார் பெண்ணின் அம்மா.

அவள் தூத்துக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். “எங்க சென்டர்ல மாசமா இருக்கவங்க பாக்கதுக்குன்னு செவத்துல ஒரு திரை மாட்டிருக்கு. நட்டநடுவுல ஒரு புள்ளி. ‘பிள்ள நெஞ்சுல ஓட்டையா’ன்னு கேக்காங்க. திரையில உள்ள கொறைதான்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்காங்க. போன வாரம் ஒரு பிள்ள அழுதுகிட்டே போச்சு. மாத்திக் குடுங்கன்னு நானும் கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”

“கறுப்பா?”

“கறுப்புதான்.”

“நாளைக்கு வாரேன்.”

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்மதமா இல்லையா என்று யாருக்கும் விளங்கவில்லை. அக்காதான் சுதாரித்துக்கொண்டு வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தார்.

மூன்று நாள், மதிய இடைவேளையில், அண்ணாச்சி அந்தத் திரையோடு உட்கார்ந்தார். நிறங்களை ஓடவிட்டார், துணியால் அமுக்கினார், வாய்க்குள் ஏதோ பேச்சும் கொடுத்தார். கறுப்பு அசையவில்லை. மூன்றாம் நாள் லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு, அவர் வாயால் நான் அதுவரை கேட்டிராததைச் சொன்னார்.

“செத்துட்டு.”

அந்தப் பெண் தலைகுனிந்து நின்றாள். ஒரு வீட்டில் துக்கம் சொல்லப் போனதுபோல் இருந்தது எனக்கு.

மறுநாள் காலை என் வாசலில் வண்டியை நிறுத்தினார். “தம்பி, பின்னால உக்காந்து இதப் பிடிச்சுக்க.” பெரிய போர்வைப் பொட்டலம். எனக்குப் புரிந்துவிட்டது.

“அண்ணாச்சி, இது உங்க திரைல்லா?”

“பேசாம வா.”

ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தி இறங்கி, தள்ளிக்கொண்டே கடந்தார். உப்பு லாரிகள் எங்களை முந்திக்கொண்டு போயின. சென்டரில் அவரே ஸ்டூலில் ஏறிச் சுவரில் மாட்டினார். டாக்டரிடமும் அவரே பேசி, செத்த திரையைப் பதிலுக்கு வாங்கிக்கொண்டார்.

பத்து மணிக்கு ஸ்கேன் பார்க்க முதலில் வந்த பெண் படுத்துக்கொண்டு வெகுநேரம் திரையையே பார்த்தாள். நாங்கள் வெளியே நின்று கதவின் இடுக்கில் காதை வைத்துக்கொண்டிருந்தோம்.

“அக்கா,” என்றாள் அவள், “மூக்கு யாரு மாதிரி இருக்கு?”

ஓட்டையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கொஞ்ச நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு ஓட்டப்பிடாரத்துப் பெண் வெளியே வந்தாள். அண்ணாச்சிக்கு எதிரே, வரவேற்பறை டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் நடந்தது. நான் வேலை மாறிச் சென்னைக்கு வந்துவிட்டேன். போன மாதம் ஊருக்குப் போனபோது காலையிலேயே அவர் வீட்டுக்குப் போனேன். அந்தச் செத்த திரை மேஜைமேல் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. நடுவில் கறுப்பு. அதற்குக் கொஞ்சம் மேலே பெரிதாக ஒரு சிவப்பு.

“அண்ணாச்சி, புதுசா ஒண்ணு வந்திருக்கு.”

“தொட்டுராத தம்பி. அவ குளிக்கப் போகும்போது ஒட்டிவச்ச பொட்டு.”

பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கடல் காற்று மெல்ல வந்துகொண்டிருந்தது. இருவரும் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் திரும்பிப்போக இருந்த பத்தே முக்கால் ரயிலை விட்டுவிட்டேன். எனக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.